11 புள்ளிக்கு 11 காளை

எங்கள் வீட்டில் 11 புள்ளி. செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காக: கல்யாணமான ஒவ்வொரு ஆணும் அவன் குடும்பமும் சேர்ந்து ஒரு புள்ளி. கோட்டையூரில் ஐயா, அதாவது தாத்தா காலத்து வீடு ஒன்று, பங்கு 11. வருஷம் முழுக்க அதில் இருப்பது ஆத்தாவும் நானும்தான். பொங்கலுக்கு மட்டும் சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர் என்று எல்லாப் புள்ளியும் வந்து இறங்கும். வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், வரிசையாக அடுப்பு வைத்து அவரவர் பானையில் பொங்கும்.

வளவைச் சுற்றி ஆளுக்கொரு அறை. அந்த 11 அறையின் வாசல் நிலையிலும் இந்த வருஷம் நானே செய்த மரத் தொங்கல்களை மாட்டிவிடுவது என்று ஐப்பசியிலேயே முடிவு செய்தேன். காளை, சூரியன், பானை, கிளி, ஆக நான்கு உருவம். கைக்கு அடக்கமாக 5, 6 அங்குலம். வர்ணம் அடித்து, நூலில் கோத்து, மாவிலைத் தோரணத்துக்குக் கீழே தொங்க வேண்டும். இதற்காகவே ஒரு ஸ்க்ரோல் சா வாங்கினேன்.

ஸ்க்ரோல் சாவைப் பார்க்காதவர்கள் தையல் மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள். ஊசி இருக்கும் இடத்தில் 5 அங்குல நீளத்துக்கு மெல்லிய ரம்பப் பிளேடு, மேலும் கீழும் இறுகக் கட்டிக் கிடக்கும். மோட்டார் அதை மேலும் கீழும் ஆட்டும். துணியைத் தள்ளுவதுபோல் பலகையைத் தள்ளித் திருப்ப வேண்டும். ஆசாரிகளிடம் இருக்கும் ஜிக் சா வேறு. அது கையில் பிடிப்பது, பிளேடு பட்டை, கிளியின் மூக்கு வளைவுக்கெல்லாம் அது திரும்பாது.

மெஷின் வந்த அன்று, வளவுக்கு அடுத்த இரண்டாங்கட்டில் பழைய மேஜை மேல் வைத்து ஓடவிட்டேன். மேஜையோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்தது. ஆத்தா உள்ளேயிருந்து, "அங்கே என்னப்பா மாவு மில்லு வச்சிருக்கியா?" என்று கேட்டது. சைக்கிள் ட்யூபை வெட்டி நான்கு காலுக்கும் அடியில் கொடுத்து, கனமான பலகையோடு போல்ட் போட்டு முடுக்கிய பிறகுதான் அடங்கியது. இதை முதலிலேயே செய்யுங்கள். மெஷின் அதிர்ந்தால் கோடும் அதிரும்.

முதல் பிளேடைத் தலைகீழாக மாட்டினேன். பல் கீழ்நோக்கி இருக்க வேண்டும், அப்போதுதான் அது பலகையை மேஜையோடு அழுத்திக்கொண்டு அறுக்கும். மேல்நோக்கி இருந்தால் பலகையைத் தூக்கித் தூக்கி அடிக்கும். எனக்கு அடித்தது, விரல் தப்பியது. பல் கண்ணுக்குத் தெரியாத அளவு பொடி. விரலால் கீழிருந்து மேலாக மெதுவாகத் தடவினால் சொரசொரவென்று பிடிக்கும், மேலிருந்து கீழே வழுக்கும். அப்படியிருந்தால் சரியாக மாட்டியிருக்கிறீர்கள். பிளேடு எவ்வளவு இறுக வேண்டும் என்பதற்குக் காதுதான் கணக்கு. சுண்டினால் தம்புராக் கம்பி மாதிரி கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் இன்னும் அரைச்சுற்று.

இனி மரம். என் தப்பு முழுக்க இங்கேதான்.

மழைக்கு முன்னால் இரண்டாங்கட்டு மேற்கூரையை ஒக்கிட்டோம், அதாவது பழுது பார்த்தோம். ஒழுகி உளுத்த கைமரங்களின் நுனிகளை அறுத்துப் போட்டதில் ஒரு குவியல் பர்மாத் தேக்கு மிஞ்சியது. வெளியே கறுத்துப்போய்ச் சாம்பலாகக் கிடந்தது. இழைப்புளியை ஒரு இழுப்பு இழுத்தால் உள்ளே தேன் நிறம், அந்த எண்ணெய் வாசனை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளுக்குப் போனவர்களுக்குத் தெரியும், இந்த மரத்துக்கு இன்று என்ன மதிப்பு என்று. ஐயாக்கள் கப்பலில் கொண்டுவந்த மரத்தில் அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குக் காளை செய்து கொடுப்பது என்று நினைத்தபோதே எனக்குத் தொண்டை அடைத்தது. கதவு வேலைக்கு வந்திருந்த ஆசாரித் தம்பி மட்டும், "அண்ணே, பெயிண்டுதானே அடிக்கப் போறீங்க? அதுக்கு எதுக்குண்ணே தேக்கு?" என்றான். அவனுக்கு விலைதான் கண்ணில் படுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அவனிடமே கொடுத்து 3 நூல் கனத்துக்கு இழைத்து வாங்கினேன். 8 நூல் ஓர் அங்குலம் என்பதுதான் இன்றும் பட்டறைக் கணக்கு.

கூரையிலிருந்து இறங்கிய மரம் என்றால் முதலில் ஆணி பார்க்க வேண்டும். ஒலிபெருக்கி ஒன்றை உடைத்து எடுத்த காந்தத்தைப் பலகை மேல் ஓட்டியதில் மூன்று இடத்தில் பிடித்தது. எல்லாம் பழைய இரும்பு முளை, முனை மட்டும் உள்ளே. பிடுங்கினேன்.

அறுக்க ஆரம்பித்ததும் தேக்கு தன் குணத்தைக் காட்டியது. அதற்குள் மணல் மாதிரி சிலிக்கா இருக்கிறது, பிளேடு சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய பிளேடால் தள்ளினால் அறுபடாது, தேயும், ஓரம் கருகும். ஐந்து காளை அறுப்பதற்குள் ஏழு பிளேடு போயிற்று. அகலமான செலோடேப்பை வரைபடத்துக்கு மேலே ஒட்டினால் கருகல் குறையும், டேப் பிளேடுக்கு வழுக்கலைக் கொடுக்கிறது. இது எனக்கு ஐந்தாவது காளையில்தான் தெரியும். தேக்குத் தூள் மூக்கில் ஏறினால் இரண்டு நாள் தும்மல், அதையும் தெரிந்துகொண்டேன். மாஸ்க் போடாமல் உட்காராதீர்கள்.

நாலு காளைக்கு எனாமல் அடித்தேன், இரண்டு சிவப்பு, ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை. ஐந்தாவதுக்கு வருவதற்குள் கரண்டு போய்விட்டது, அப்படியே வைத்துவிட்டேன். மறுநாள் தொட்டால் ஒட்டியது. மழைக்காலம், ஈரம், இருக்கட்டும் என்று விட்டேன். மூன்றாம் நாளும் ஒட்டியது. ஐந்தாம் நாள் காய்ந்த மாதிரி இருந்தது. பத்திரிகைத் தாளைச் சுற்றிப் பெட்டியில் போட்டேன். வாரம் கழித்துப் பிரித்தால் வெள்ளைக் காளையின் வயிற்றில் மணமகன் தேவை விளம்பரம், எழுத்தெல்லாம் இடவலமாகத் திரும்பி, அப்படியே பதிந்திருந்தது.

காரணம் மரத்தின் எண்ணெய்தான். எனாமல் சும்மா உலர்ந்து போவதில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. தேக்கில் ஊறியிருக்கும் சத்துகள் அந்த இறுகலைத் தடுக்கின்றன. கறையானும் நீரும் அண்டாமல் கைமரத்தை இத்தனை வருஷம் காத்த அதே எண்ணெய், என் பெயிண்டையும் அண்டவிடவில்லை. வழி இல்லாமல் இல்லை. தின்னரில் நனைத்த துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, அவலரக்கை (ஷெல்லாக்) ஸ்பிரிட்டில் கரைத்து ஒரு கை பூசினால் அது நடுவில் சுவர் மாதிரி நிற்கும், அதற்கு மேல் வர்ணம் பிடிக்கும். ஒரு காளையைச் சுரண்டி எடுத்து அப்படிச் செய்தும் பார்த்தேன். பிடித்தது. ஆனால் செய்து முடித்துக் கையில் வைத்துப் பார்த்தபோது, அது பிளைவுட்டா தேக்கா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆசாரித் தம்பி கேட்டது விலைக் கேள்வி இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

தேக்கை எடுத்து வைத்துவிட்டு, காரைக்குடியில் ஒரு ஹார்ட்வேர் கடையில் 6 மில்லி பிளைவுட் வாங்கி வந்தேன். அதற்கு முன் பேக்கிங் பெட்டியின் பைன் மரத்திலும் ஒன்று முயன்றேன். அறுக்க வெண்ணெய் மாதிரி இருக்கிறது, வர்ணமும் நன்றாகப் பிடிக்கிறது. காளையின் கொம்பு மட்டும் நிற்கவில்லை.

கொம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் மாடு வரைந்தால் அது மஞ்சுவிரட்டு மாடாகத்தான் இருக்க வேண்டும். தை 3 அன்று சிராவயல் பொட்டலுக்கு ஒரு முறை போய் வந்தவன் கையில் வேறு மாடு வராது. திமில் எழும்பி, தலை தாழ்ந்து, கொம்பு நீண்டு, கழுத்தில் துண்டு கட்டியிருக்கும். அந்த நீண்ட கொம்புதான் சிக்கல். மரத்தின் நாரோட்டம் காளையின் முதுகை ஒட்டிப் படுக்கைவாட்டில் போனால், மேல்நோக்கி நிற்கும் கொம்பு நாருக்குக் குறுக்கே விழுகிறது. குறுக்கே விழுந்த மெல்லிய துண்டு பிஸ்கட் மாதிரி ஒடியும். நாரோட்டத்தை நெடுவாட்டில் வைத்தால் கொம்பும் காலும் பிழைக்கும், வால் போய்விடும். சாய்வாக வைத்தும் பார்த்தேன், இரண்டு கால் ஒடிந்தது. பிளைவுட்டில் அடுக்குக்கு அடுக்கு நாரோட்டம் மாறி மாறிக் குறுக்காக ஒட்டியிருப்பதால் எந்தப் பக்கம் நீட்டினாலும் ஒரு அடுக்காவது பிடித்துக்கொள்கிறது. ஆக, மாட்டுக்கு பிளைவுட். சூரியனும் பானையும் உருண்டைச் சாமான்கள், எந்த மரத்திலும் செய்யலாம். ஒரே மாதிரி இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் பிளைவுட்டிலேயே செய்தேன்.

11 செட், கைவசம் ஒன்று சேர்த்து 12. நான்கு உருவம் என்றால் 48 துண்டு. ஒவ்வொன்றாக அறுத்தால் மாட்டுப்பொங்கல் தாண்டிவிடும். மூன்று பலகையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, விளிம்பைச் சுற்றி மாஸ்கிங் டேப் இறுக்கி, மேலே வரைபடத்தை ஒட்டி ஒரே அறுப்பாக அறுத்தேன். 18 மில்லி கனம், இந்த மெஷினுக்கு அதுவே போதும். 16 அறுப்பில் 48 துண்டு. வரைபடத்தை நேரே மரத்தில் ஒட்டாமல், முதலில் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் பசைக்குச்சியால் தாளை ஒட்டினால், கடைசியில் டேப்போடு உரிந்து வந்துவிடும். நேரே ஒட்டியவனுக்குச் சுரண்டல்தான் வேலை.

உள் அறுப்பு உள்ளவற்றில் அதை முதலில் முடித்துவிட வேண்டும். சூரியனின் முகம், பானைக் கழுத்தின் கோலக்கட்டு எல்லாம் உள்ளே வெட்டி எடுப்பவை. வெளிக்கோட்டை முதலில் அறுத்துவிட்டால் பிடிக்க இடமே இருக்காது. உள்ளே போக முதலில் டிரில்லால் ஓட்டை போட்டு, பிளேடின் மேல்முனையைக் கழற்றி ஓட்டை வழியே கோத்து மறுபடி மாட்ட வேண்டும். என் மெஷினோடு வந்த பிளேடுகளின் இரு முனையிலும் குறுக்கே ஒரு சின்ன ஊசி இருக்கும். அது நுழைய 5 மில்லி அளவுக்காவது ஓட்டை வேண்டும். கிளியின் கண்ணுக்கு 5 மில்லி ஓட்டை போட்டால் கண்ணே அவ்வளவுதான். ஊசி இல்லாத பிளேடும், அதைக் கவ்வும் கிளாம்ப்பும் தனியாக வாங்கினேன். அதற்கு ஒன்றரை மில்லி ஓட்டை போதும். பிளேடில் எண் கூடக்கூடப் பட்டை கூடும். நான் 3, 5 இரண்டும் வைத்துக்கொண்டேன். பெரும்பாலான வேலை 5-லேயே முடிந்தது.

வரைபடம் போடும்போது கோல அச்சு நினைவில் இருக்கட்டும். தகரத்தில் ஓட்டை போட்ட அச்சில் நடுவில் இருக்கும் பூ கீழே விழாமல் இருக்க அங்கங்கே ஒரு பட்டை விட்டிருப்பார்கள் அல்லவா, அதே கதைதான். சூரியனுக்கு நான் எடுத்தது எங்கள் வளவுத் தரையில் இருக்கும் ஆத்தங்குடிக் கல்லின் பூ. முதலில் பட்டை விடாமல் வரைந்து, அறுத்து முடித்ததும் பூ முழுசாகக் கழன்று மடியில் விழுந்தது. மூன்று அடுக்கு, ஆக மூன்று பூ. ஆத்தா அவற்றை எடுத்துக்கொண்டு போய் டம்ளருக்கு அடியில் வைக்க ஆரம்பித்துவிட்டது.

அறுக்கும்போது இரண்டு விஷயம். பிளேடு நேராகப் போவதில்லை. தயாரிக்கும்போது ஒரு பக்கம் பிசிறு நிற்பதால் அந்தப் பக்கமாக இழுக்கும். பலகையைச் சற்றே சாய்த்துத் தள்ள வேண்டும். எவ்வளவு சாய்ப்பது என்று பத்து நிமிடம் அறுத்தால் கைக்கே தெரிந்துவிடும். அப்புறம் கூர்மூலைகள். கிளியின் மூக்கு நுனியில் வந்ததும் தள்ளுவதை நிறுத்திவிட்டு, பிளேடு ஓடிக்கொண்டிருக்க, பலகையை மட்டும் அதைச் சுற்றித் திருப்ப வேண்டும். பயமாக இருந்தால் கழிவுப் பக்கமாக வெளியே போய் ஒரு வட்டம் அடித்துத் திரும்பி வரலாம். நான் எல்லா மூக்குக்கும் வட்டம்தான் அடித்தேன்.

பிள்ளையார் நோன்புக்குள் அறுப்பை முடித்துவிட வேண்டும் என்று கணக்கு. கார்த்திகைத் தீபத்திலிருந்து 21 நாள், 21 இழை என்று ஆத்தா நூலை எண்ணி வைத்துக்கொண்டிருந்தது. நான் துண்டை எண்ணிக்கொண்டிருந்தேன். நோன்பன்று இழை எடுத்துக்கொண்டபோது எனக்கு ஆறு கிளி பாக்கி.

உப்புத்தாள் 120, 180, 220 என்று மூன்று நம்பர், ஓரத்துக்கு ஊசி அரம். பிளைவுட் ஓரத்தில் அங்கங்கே உள் அடுக்கில் ஓட்டை தெரியும். அறுத்த தூளையே ஃபெவிகாலில் குழைத்து அடைத்தேன். பிறகு வெள்ளை பிரைமர் ஒரு கை. பிரைமர் காய்ந்ததும் மரம் மயிர்க்கூச்செறிந்த மாதிரி சொரசொரக்கும், 220-ஆல் லேசாக ஒரு தேய்ப்பு தேய்க்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்ட இரண்டு பானையையும் இன்றும் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடித்துவிடுவேன்.

வர்ணம் இந்த முறை அக்ரிலிக். தண்ணீரில் கரையும், அரை மணியில் காயும், வாடை இல்லை. நிறத்தைத் தரையிலிருந்தே எடுத்தேன்: ஆத்தங்குடிக் கல்லின் செங்காவி, மஞ்சள், இலைப்பச்சை. செங்காவிதான் படுத்தியது. சிவப்பில் கறுப்பைக் கலந்தால் கத்தரிக்காய் நிறம் வருகிறது. மஞ்சள் காவியில் சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஈரத் துணியால் தரையைத் துடைத்து அந்த ஈரக் கல்லோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. காய்ந்த கல்லோடு ஒப்பிட்டால் வெளுத்துத் தெரியும். இரண்டு கை வர்ணம், மேலே வார்னிஷ் ஒரு கை.

தொங்கவிடும் ஓட்டையைக் கண்ணளவில் போடாதீர்கள். காளைக்குத் தலைப்பக்கம் கனம். நடுவில் என்று நினைத்துத் திமில் உச்சியில் போட்ட முதல் ஓட்டையில் அது மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு தொங்கியது. திமிலின் முன்பக்கச் சரிவில் இரண்டு விரலால் லேசாகக் கவ்விப் பிடித்து, நேராக நிற்கும் இடம் வரும்வரை நகர்த்திப் பார்த்து, அங்கே 2 மில்லி ஓட்டை. அடுக்கோடு இருக்கும்போதே போட்டிருந்தால் மூன்றுக்கும் ஒரே தடவையில் முடிந்திருக்கும்.

போகிக்கு முந்தின நாள் எல்லா நிலையிலும் மாட்டினேன். வர்ணம் அடிக்காத அந்த ஐந்தாவது தேக்குக் காளை மேஜை ஓரத்தில் கிடந்தது. கொஞ்சம் தேங்காயெண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்து, ஆத்தா அதைச் சாமி வீட்டு (பூஜை அறை) நிலையில் தொங்கவிடச் சொன்னது. மர மாவிலை வேறு செய்து வைத்திருந்தேன். அதற்கு மட்டும் தடை. "காயாத மாவிலை என்ன மாவிலைப்பா? தோப்புக்குப் போய் நல்லதா ஒரு கொத்து ஒடிச்சிட்டு வா."

பொங்கலன்று காலையில் பானை வைக்கும் நேரம். பெரியப்பச்சி முகப்பிலிருந்து வளவுக்குள் நுழைந்து ஒவ்வொரு நிலையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். செங்காவிக் காளை, அடுத்தது மஞ்சள் காளை. முற்றம் வழியாகத் தை மாதக் காற்று ஒரு வீச்சு வீசியது. 11 காளையும் ஒன்றாகத் திரும்பின. பின்பக்கம் நான் வர்ணம் அடிக்கவே இல்லை. வெறும் பிளைவுட், அதிலும் மூன்றில் கம்பெனி முத்திரையின் பாதி எழுத்து. "ஏன்டாப்பா, காசு பத்தலையா?" என்று கேட்டார் பெரியப்பச்சி. சாமி வீட்டு நிலையில் இருந்ததும் திரும்பித்தான் இருந்தது. அதற்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

எல்லாரும் ஊருக்குப் போன பிறகு காளைகளை இறக்கிவிட்டேன். 12 செட்டில் கைவசம் வைத்திருந்த ஒன்றைக் குழந்தைகள் கொண்டுபோய்விட்டார்கள், அதில் கிளிக்கு மூக்கு இல்லை. மற்ற 11-ம் இரண்டாங்கட்டு மேஜையில் முதுகு காட்டிப் படுத்திருக்கின்றன, முத்திரை உள்ள மூன்றுக்கும் இரண்டாவது கை பிரைமர் காய்ந்துகொண்டிருக்கிறது.